எல்லாம் நார்மல்தாங்க

கோவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பெட்டிக்கடைக்காரரிடம் நான் சண்டை போட்டிருக்கிறேன். அவர் செய்த தப்பு, தண்ணீர் பாட்டில் கேட்டவனிடம் "நார்மலுங்களா, கூலிங்குங்களா" என்று கேட்டது. ஊரில் எல்லாக் கடைக்காரர்களும் கேட்கிற கேள்விதான் அது. ஆனால் கொஞ்ச நேரம் முன்புதான், அதே வீதியில் இருந்த கிளினிக்கில், ஒரு பெரிய டாக்டர் என் மனைவியின் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ரத்தப் பரிசோதனைத் தாளையும் ஒரு புரட்டுப் புரட்டி, "எல்லாம் நார்மல்" என்று சொல்லி எங்களை அனுப்பியிருந்தார். அந்தச் சொல் காதில் இருந்து இறங்குவதற்குள் கடைக்காரர் வாயில் மறுபடி கேட்டேன். எனக்கு எங்கிருந்து அத்தனை ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை.

"ஊர்ல எல்லாமே நார்மல்தானாய்யா? நார்மல் இல்லாதது ஒண்ணுகூட உங்ககிட்ட இல்லையா?" என்று கத்தினேன். அந்த மனிதர் என்னையும் குளிர்பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். என் மனைவி என் சட்டையைப் பின்னால் இழுத்துவிட்டு முன்னே வந்து, தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள், அவருக்கு வெயில் ஒத்துக்கொள்வதில்லை என்று சொன்னாள். தண்ணீரோடு, வேண்டாத ஒரு கடலை மிட்டாய் பாக்கெட்டையும் வாங்கிக்கொண்டாள். நான் கத்தியதற்கு அது ஈடு. அப்போது அவளால் நேராக நிற்கவே முடியவில்லை. ஒரு கையை இடுப்பின் பின்னால் ஊன்றியபடிதான் கடைக்காரரைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கே போனாலும் அது எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. பெட்ரோல் பங்கில் "நார்மல் போடட்டுங்களா" என்றார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தபோது, ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன்பே "நார்மலா, ஆபரேஷனா" என்று விசாரித்தார்கள். கல்யாணத் தரகர் ஒரு பையனைப் பற்றிச் சொல்லும்போது "ஆள் நார்மலுங்க" என்றார். குடிப்பதில்லை, கோபப்படுவதில்லை, கை கால் சரியாக இருக்கிறது என்கிற மூன்றையும் அந்த ஒரு சொல்லில் கட்டிக் கொடுத்துவிட்டார். துணி மார்க்கெட் மந்தமாக இருந்தால் "இந்த மாசத்துக்கு இது நார்மல்" என்றார்கள். மார்க்கெட் கொஞ்சம் எழுந்தால் "இப்பத்தான் நார்மலுக்கு வருது" என்றார்கள். இங்கிலீஷ் தெரியாத எங்கள் ஊரில் இந்த வார்த்தை தெரியாத ஆள் இல்லை. சும்மா வந்து தங்கிய விருந்தாளி வீட்டுக்காரனாகவே ஆகிவிட்ட மாதிரி அது எங்கள் பேச்சில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது.

நோயாளிக்கு மட்டும் அந்தச் சொல்லின் அர்த்தம் வேறு. போய்விட்டு வா, இனிமேல் இதைப் பற்றிப் பேசாதே என்று அர்த்தம். இதை எந்த அகராதியும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து நானே தெரிந்துகொண்டேன்.

நாங்கள் சோமனூர். வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட்டில் சில விசைத்தறிகள் வைத்திருக்கிறோம். நூலைக் கொடுப்பவர் ஒருவர், நெய்து கொடுப்பது நாங்கள். தறி ஓடும்போது ஷெட்டுக்குள் பேச்சு எடுபடாது. அதனால் எனக்கும் அவளுக்கும் ஒரு கை பாஷை உண்டு. விரலைச் சுழற்றினால் நூல் மாற்று, உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து, கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. கல்யாணமானதிலிருந்து பகலில் பாதி நேரம் நாங்கள் இப்படித்தான் குடும்பம் நடத்தியிருக்கிறோம். அந்த பாஷையில் வலிக்கிறது என்பதற்கு ஒரு சைகை கிடையாது. நாங்கள் அப்படி ஒன்றை உண்டாக்கிக்கொள்ளவே இல்லை.

வலி ஒரு மழைக்காலத்தில் ஆரம்பித்தது. முதுகின் நடுவில், ரவிக்கையின் கீழ் விளிம்புக்குச் சற்று மேலே. அறுந்த இழையைக் குனிந்து முடிந்துவிட்டு நிமிரும்போது ஒரு கணம் அப்படியே நிற்பாள். பொழுது சாய்ந்தால் உடம்பு லேசாகச் சுடும். ரவிக்கைகள் ஒவ்வொன்றாகத் தொளதொளத்தன. ஊசியும் நூலும் எடுத்து அவளே பிடித்துத் தைத்துக்கொண்டாள். நான் பார்த்துக் கேட்டால், வயசானா இளைக்காதா என்று சிரிப்பாள். அவளுக்கு அப்படி ஒன்றும் வயதாகிவிடவில்லை.

முதலில் உள்ளூர் டாக்டர். நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு முதுகுவலி நார்மல் என்று மாத்திரை எழுதினார். மாத்திரை தீர்ந்தும் வலி தீராமல் மறுபடி போனபோது, இந்த வயதுப் பெண்களுக்கு எலும்பு தேய்வது நார்மல் என்று சுண்ணாம்புச் சத்து மாத்திரை எழுதினார். அதற்குப் பிறகுதான் ஆர்.எஸ்.புரத்துப் பெரிய டாக்டர், கடலை மிட்டாய் எல்லாம். அவருக்கும் பிறகு இன்னொருவர். அவர் தாள்களைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் ஏதாவது பிரச்சினையா, மாமியார் கூட இருக்கிறாரா என்று விசாரித்தார். எல்லாம் நார்மலாக இருக்கும்போது வலிக்கிறது என்றால் அது மனசுதான் என்று தூக்க மாத்திரை கொடுத்தார்.

இவர்களை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்வது. அவர்கள் முன்னால் போய் உட்கார்ந்த ஆள் எப்படி உட்கார்ந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

என் மனைவிக்கு டாக்டரிடம் போவது என்பது ஒரு வீட்டு விசேஷத்துக்குப் போவது போல. முதல் நாளே சேலை எடுத்து வைப்பாள். காலையில் தலைக்குக் குளித்து, பவுடர் போட்டு, பூ வைத்து, நெற்றியில் திருத்தமாகப் பொட்டிட்டுக் கிளம்புவாள். நாலு பேர் வந்து போகிற இடத்தில் நோஞ்சானாகப் போய் நிற்பது டாக்டருக்கு மரியாதை இல்லை என்பது அவள் எண்ணம். இரண்டு கைகளாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் இறங்குவாள். உட்கார்ந்ததும் சிரித்துவிடுவாள். டாக்டர் எப்படி இருக்கிறீர்கள் என்பார். இவள் "பரவால்லீங்க சார்" என்பாள்.

அன்னூர்ப் பக்கம் ஒரு பண்ணைய வீட்டில் பிறந்தவள் அவள். அந்த வீட்டில் வளர்த்த வளர்ப்பு அது. ஒருவர் சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்றுதான் சொல்ல வேண்டும். கேட்டவர் மனம் நோகிற மாதிரி ஒரு பதிலைச் சொல்வது, வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருப்பதற்குச் சமம். எங்கள் பக்கத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். பாம்பு கடித்தவனைக் கேட்டாலும் இப்போது தேவலை என்றுதான் ஆரம்பிப்பான். ஆனால் இந்தப் பழக்கத்துக்கு இத்தனை பெரிய விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

ஒரு முறை நான் குறுக்கே புகுந்து சொல்லிப் பார்த்தேன். ராத்திரி தூங்குவதில்லை, சாயந்திரம் காய்ச்சல் அடிக்கிறது, பாதியாக இளைத்துவிட்டாள் என்று அடுக்கினேன். நீங்கள் சும்மா இருங்கள், பேஷன்ட் சொல்லட்டும் என்றார் டாக்டர். பேஷன்ட் என்னைப் பார்த்துக் கண்ணால் அதட்டிவிட்டு, டாக்டரைப் பார்த்து, அவர் எப்போதுமே கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார் என்றாள். டாக்டரும் அவளும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு அந்த மேசையைத் தூக்கிக் கவிழ்க்கலாம் போல இருந்தது.

திரும்பி வரும் வழியில், கருமத்தம்பட்டிப் பிரிவுக்குப் பக்கத்தில் காரை ஓரம் கட்டிவிட்டு அவளைத் திட்டினேன். அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று உனக்குத் தெரியாதா, கொட்டினால் தேள், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சி, இப்படியே பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உன்னைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகும்போதும் எல்லாம் நார்மல் என்றுதான் எழுதிக் கொடுப்பார்கள் என்று, வாயில் வரக்கூடாததெல்லாம் வந்தது. கடைசியில் நான்தான் அழுதேன். லாரிகள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அவரு ஒரு நாளைக்கு எத்தனை பேரு நோவைக் கேக்கறாரு. நம்ம ஒருத்தருக்காக அந்த மனுசன் வெசனப்படோணுமுங்களா?" என்றாள்.

வண்டியை எடுத்தேன்.

பெங்களூரில் இருக்கும் மகள் போன் செய்வாள். ஷெட்டிலிருந்து வெளியே வந்து, சுவரில் சாய்ந்துகொண்டு, என் மனைவி பேசுவாள். எல்லாம் பார்த்துவிட்டோம், நார்மல் என்று சொல்லிப்போட்டார்கள் கண்ணு, நீ சாப்பிட்டாயா என்பாள். அந்தச் சொல்லை அவள் வாயிலிருந்தே கேட்டதும் நான் ஷெட்டுக்குள் போய்விடுவேன். டாக்டர்கள் சொன்னதை அவள் நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. படித்தவர்கள் இத்தனை பேர் ஒன்றுமில்லை என்கிறார்கள், நமக்கு மட்டும் வலிக்கிறது, அப்படியானால் கோளாறு நம்மிடம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்னூரிலிருந்து அவளுடைய அண்ணன் வந்தார். என் மச்சான் நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒரு முடிவு கட்டாமல் போக மாட்டார். அவர் வழக்கமாகப் போகும் அம்மன் கோயிலில் பூ கேட்டுவிடலாம் என்றார். எங்கள் பக்கம் கல்யாணம், கிணறு, வழக்கு எதுவானாலும் பூ கேட்பது உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூவும் மடித்து அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் நல்லபடியாக முடியும் என்று ஆரம்பத்திலேயே மனசில் பேசிக்கொள்வது. எங்களுக்கு வெள்ளைதான் வந்தது. மச்சான் என் தோளைத் தட்டினார். என் மனைவி நிம்மதியாக விழுந்து கும்பிட்டாள். கும்பிட்டவளால் எழுந்திருக்க முடியவில்லை. நானும் மச்சானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். ஆத்தாளும் பார்த்துவிட்டு எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டாள் என்று நான் முணுமுணுத்தேன். மச்சானுக்கு அது பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு செருப்பு.

மளிகைக் கடைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தோம். பின்னால் வந்த ஒரு பெண் "ஏனுங்க, ஏனுங்க" என்று கூப்பிட்டாள். திரும்பினோம். அவள் கையில் ஒற்றைச் செருப்பு இருந்தது. என் மனைவி குனிந்து தன் காலைப் பார்த்தாள். இடது கால் வெறுங்காலாக இருந்தது. தார் ரோடு, சித்திரை வெயில், வழியெல்லாம் ஜல்லி. எவ்வளவு தூரமாக அப்படி நடந்து வந்தாளோ, அவளுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணிடம் செருப்பை வாங்கிக்கொண்டு, வெட்கப்பட்டுச் சிரித்து, நன்றி சொன்னாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பாதம் கொப்பளித்திருந்தது.

எனக்கு அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை. வலிக்கிறது என்று சொல்லாதவளைப் பற்றித்தான் அதுவரை கவலைப்பட்டேன். இப்போது வலிக்காமலே போகிறது. ஆர்.எஸ்.புரத்து டாக்டருக்குப் போன் செய்தேன். அவரிடம் பேச முடியவில்லை. முன்பதிவு எடுப்பவர் அடுத்த மாதக் கடைசியில் ஒரு நேரம் தந்தார். கால் மரத்துப்போகிறது, அவசரம் என்றேன். மயக்கமா, மூச்சுத்திணறலா, கடைசி ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்று கேட்டார். நார்மல் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அப்படியானால் அதுவரை பொறுக்கலாம் சார் என்றார் அவர், மிகவும் அன்பாக.

பொறுக்க நேரம் இருக்கவில்லை. சில நாட்களிலேயே, ஒரு முற்பகலில், ஷெட்டில் அவள் தறியின் சட்டத்தைப் பிடித்தபடி மெல்ல மெல்லக் கீழே இறங்கினாள். விழுந்தாள் என்று சொல்ல முடியாது. கால்கள் அவளைக் கைவிட்டுவிட்டன, அவ்வளவுதான். நான் ஓடினேன். அந்த நிலையிலும் அவள் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினாள். முதலில் தறியை நிறுத்து என்று அர்த்தம். இழை அறுந்து துணி பழுதாகிக்கொண்டிருந்தது.

தறியை நிறுத்தினேன். ஷெட் அமைதியானதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, சேலை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்பது.

"வேண்டாம் அம்மணி."

"தலையெல்லாம் பஞ்சுங்க. இப்படியேவா போறது?"

"இப்படியேதான்" என்றேன். தூக்கினேன். தூக்கும்போதுதான் அவள் எவ்வளவு குறைந்துபோயிருக்கிறாள் என்று என் கைகளுக்குத் தெரிந்தது. வழி நெடுக, கார்க் கண்ணாடியைப் பார்த்து, விரல்களால் தலையில் இருந்த பஞ்சுத் தூசியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்தாள். அதில்தான் அவளுக்கு அழுகை வந்தது. கால் வராததற்கு அவள் அழவில்லை.

இந்த முறை நான் கிளினிக் பக்கமே போகவில்லை. கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் போய் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். உள்ளே ஒரு இளம் பெண் டாக்டர் வந்தார். எங்கள் மகளை விடச் சின்னவராக இருப்பார். நான் கையில் இருந்த ரிப்போர்ட் கட்டை நீட்டி, தயவு செய்து இதைப் பார்க்காதீர்கள், இதைப் பார்த்தால் நீங்களும் நார்மல் என்றுதான் சொல்வீர்கள் என்றேன். பைத்தியக்காரன் பேச்சுதான். அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, என் மனைவியிடம் எப்படிம்மா இருக்கிறது என்று கேட்டார்.

"இப்ப பரவால்லீங்க" என்றாள் இவள், தலையில் பஞ்சோடு, கிழிந்த சேலையில், கால் வராமல் படுத்துக்கொண்டு.

நான் சுவரில் முட்டிக்கொள்ளப் போனேன். ஆனால் அந்த டாக்டர் சிரித்தார். உங்க பேச்சு அன்னூர்ப் பக்கம் மாதிரி இருக்கிறதே என்றார். அவருக்கும் அந்தப் பக்கம்தான். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நோவு கெடக்கட்டுங்கம்மா. முன்னெல்லாம் செஞ்சு, இப்பச் செய்யாம உட்டுப்போட்ட வேலை எதெதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

வேலையைப் பற்றிக் கேட்டால் என் மனைவிக்குப் பொய் வராது. வேலையில் பொய் சொல்வது அவளைப் பொறுத்தவரை திருட்டு. அதனால் சொல்ல ஆரம்பித்தாள். குடம் தூக்கி மாதங்களாகிவிட்டன, பக்கத்து வீட்டுப் பெண்தான் வைத்துவிட்டுப் போகிறாள். மாடியில் துணி காயப்போடுவதில்லை. அரிசி களைவது, காய் அரிவது எல்லாம் உட்கார்ந்தபடி, அடுப்பையே கீழே இறக்கி வைத்தாயிற்று. கோலம் சின்னதாகி, புள்ளியாகி, இப்போது வெறும் தண்ணீர் தெளிப்பதோடு சரி. தறியில் எட்டி முடிய வேண்டிய இழைகளை என் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறாள். படுத்தால் எழ முடியாது என்பதால் படுப்பதே இல்லை, நான் தூங்கிய பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொள்கிறாள். பாத்ரூம் போனால் சிறுநீர் வர வெகுநேரம் ஆகிறது.

நான் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரே வீடு, ஒரே ஷெட், ஒரே கட்டில். இதில் பாதி எனக்குத் தெரியாது. அவளுடைய வாழ்க்கை என் கண்ணெதிரிலேயே அங்குலம் அங்குலமாகச் சுருங்கியிருக்கிறது. நான் ஊரெல்லாம் போய் டாக்டர்களைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். கடைசி விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போய் யாரையோ கூப்பிட்டார். அன்று மாலைக்குள் ஸ்கேன் எடுத்தார்கள். அந்த இளம் டாக்டரும், அவருக்கு மேலே இருக்கும் ஒரு பெரிய டாக்டரும் சேர்ந்து எங்களிடம் வந்தார்கள். பெரியவர் பேசத் தயங்குகிற மாதிரி இருந்தது. சின்னவர்தான் சொன்னார், இது நார்மல் இல்லைங்க என்று.

முதுகெலும்பில் டி.பி. நுரையீரலுக்குத்தான் அது வரும் என்று நான் நினைத்திருந்தேன். எலும்புக்கும் வருமாம். இரண்டு எலும்புக் கட்டைகளை அரித்து, சீழ் கட்டி, உள்ளே போகும் தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருக்கிறது. ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு என்றார்.

நான் அப்போது என்ன செய்தேன் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டு கைகளையும் தூக்கி அவர்களைக் கும்பிட்டேன். என் மனைவியின் முதுகெலும்பு அரித்துப்போயிருக்கிறது என்று சொன்னவர்களுக்கு நன்றி சொன்னேன். நெஞ்சில் இருந்த கல்லை யாரோ எடுத்துப் போட்ட மாதிரி, கேவலமான ஒரு சந்தோஷம். படுக்கையில் இருந்தவள் டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

"அப்ப நெசமாவே நோவுதானுங்களா?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். தன் உடம்பில் தனக்கு இருந்த வலியை அவள் நம்பாமல் இருந்திருக்கிறாள். சந்தோஷமெல்லாம் அங்கேயே வடிந்துவிட்டது.

மருந்துக்கு நோய் கேட்கும், அதில் சந்தேகமில்லை என்றார் பெரிய டாக்டர். கால் கேட்குமா என்பதை இப்போது சொல்ல முடியாது, நெருக்கம் ரொம்ப நாளாக இருந்திருக்கிறது, கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார். முன்னால் வரவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். என் மனைவி கண்ணால் அதட்டினாள்.

ஆபரேஷன் முடிந்தது. இப்போது வார்டில் இருக்கிறோம். தறிகள் நின்று கிடக்கின்றன. மகள் வந்து இருந்துவிட்டுப் போனாள். மச்சான் வாரம் தவறாமல் வந்து, அன்றைக்கு வெள்ளைப் பூ வந்ததை நினைவுபடுத்திவிட்டுப் போகிறார். முன்பென்றால் கோபம் வந்திருக்கும். இப்போது அவர் சொல்வதை நானும் பிடித்துக்கொள்கிறேன். பிடித்துக்கொள்ள வேறொன்றும் என்னிடம் இல்லை.

தினமும் காலையில் அந்த இளம் டாக்டர் வந்து பாதத்தைச் சோதிப்பார். கண்ணை மூடச் சொல்லி, ஒரு குண்டூசியால் விரல் நுனி, உள்ளங்கால், கணுக்கால் என்று மெல்லக் குத்துவார். தெரிந்தால் சொல்ல வேண்டும். உணர்ச்சி திரும்பினால் நடை திரும்பும் வாய்ப்பு இருக்கிறது, முதலில் வர வேண்டியது வலிதான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கியிருந்தார். குத்தும்போது நான் கட்டிலின் கால்மாட்டில் நின்று அவள் முகத்தையே பார்ப்பேன். அவள் முகம் சலனமில்லாமல் இருக்கும். டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்பார். அவர் திரும்பும்போது தோள்கள் கொஞ்சம் தொங்கிப்போயிருக்கும். அதை நான் பார்ப்பேன். என் மனைவியும் பார்த்திருக்கிறாள்.

வெளியே போய் நின்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வருவேன். அவள் என் கண்ணைப் பார்ப்பாள். ஒரு நாள், டாக்டர் போன பிறகு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வலிக்கிறது என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிடு, அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டாம் என்று கெஞ்சினேன். அவள் என் கையைத் தடவிக்கொடுத்தாள்.

அடுத்த நாள் காலை டாக்டர் வந்தார். எப்படிம்மா இருக்கீங்க என்றார். இவள் வழக்கமான பதிலைச் சொன்னாள். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார், மூடிக்கொண்டாள். நான் கால்மாட்டில் நின்றேன்.

"வலிக்குதுங்க" என்றாள்.

ஒரு வருஷத்துக்கும் மேலாக அந்த ஒரு சொல்லுக்காக நான் திட்டியிருக்கிறேன், அழுதிருக்கிறேன், கெஞ்சியிருக்கிறேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். ஊசி இன்னும் அவர் விரல்களுக்கு நடுவில், பாதத்துக்கு வெகு தூரத்தில் இருந்தது.

"நான் இன்னும் குத்தலைங்கம்மா" என்றார் மெதுவாக.

என் மனைவி கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். முகத்தில் ஒரு வெட்கம் வந்தது.

"அப்படிங்களா" என்றாள். "சேரி, குத்துங்க. பரவால்லீங்க."